பக்கம் திறக்கவில்லையா? மறித்தது யாரென்று கண்டுபிடிக்கும் முறை

ஒரு தமிழ்ச் சேனல் திறக்கவில்லை என்றதும் "அரசு முடக்கிவிட்டது" என்று குழுவில் போட்டுவிடாதீர்கள். பெங்களூரில் காவிரிப் பிரச்சினை சூடாக இருக்கும் நாளில் அந்த ஒரு வரி செய்யும் கெடுதல் கொஞ்சமல்ல. மறித்தது உங்கள் கணக்காகவோ, பிஜி விடுதியின் ரவுட்டராகவோ, நெட் நிறுவனமாகவோ, அந்தத் தளமாகவோகூட இருக்கலாம். இணைப்பை வேறு இடம் வழியாகச் சுற்றிவிடும் விபிஎன் செயலி இருந்தால், முதலில் அதை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

சொந்தக் கணக்கில் பார்ப்பது எளிது. யூடியூபில் எல்லா வீடியோவிலும் கமென்ட் மறைந்திருந்தால் சில வீடியோக்களை வடிகட்டும் ரெஸ்ட்ரிக்டட் மோடு ஆன் ஆகியிருக்கும். அதை அணைக்க முடியவில்லை என்றால் நெட்வொர்க்கை நடத்துபவரோ, ஆபீஸ் கணக்கின் அட்மினோ போட்டது. எக்ஸில் மியூட் செய்த சொற்களையும் பாருங்கள். தேர்தல் நேரத்தில் மியூட் செய்த கட்சிப் பெயர் இன்றும் செய்திகளை மறைத்துக்கொண்டிருக்கும்.

அடுத்து, அதே போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். திறந்தால் மறிப்பு வைஃபை பக்கம். இரண்டிலும் திறக்காவிட்டால் தளமே படுத்திருக்கலாம். சென்னையில் இருக்கும் தம்பியிடம் கேட்டுப் பயனில்லை, அவரும் இந்திய நெட்டில்தான் இருக்கிறார். துபாய் உறவினரும் வேண்டாம், அங்கே தனித் தடைகள் உண்டு. ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருப்பவரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அங்கே திறக்கிறது, இங்கே இல்லை என்றால் டிஎன்எஸ் சோதனை. தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் ஐபி எண்ணை, அதாவது சர்வரின் முகவரியைத் தருவதுதான் டிஎன்எஸ். லேப்டாப்பின் கமாண்ட் பிராம்ப்ட்டில் (கட்டளை அடிக்கும் திரை) ஆங்கில எழுத்தில் என்எஸ்லுக்அப் என்று அடித்து, இடைவெளி விட்டுத் தளத்தின் பெயர் கொடுங்கள். பிறகு அதே வரியின் கடைசியில் 1.1.1.1 சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். முதல் விடை பெரும்பாலும் உங்கள் நெட் நிறுவனத்தினுடையது, இரண்டாவது 1.1.1.1ஐ நடத்தும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் தருவது. ஐபி எண்கள் வேறுபடுவது மட்டும் சான்றாகாது. பெரிய தளங்களுக்குப் பல சர்வர்கள் உண்டு. முதல் விடையில் பொது இணையத் தளம் எதற்கும் இருக்க முடியாத 127.0.0.1, 0.0.0.0, 10இல் தொடங்கும் எண், அல்லது "அப்படி டொமைனே இல்லை" என்று வந்து, இரண்டாவதில் சரியான எண் வந்தால்தான் சந்தேகம் வலுக்கும்.

இதிலும் ஒரு சிக்கல். இந்தக் கேள்வி போர்ட் 53 என்ற இணைப்பு வாசல் வழியாக, யாரும் படிக்கக்கூடியபடி மறையாக்கம் இல்லாமல் போவதால், நிறுவனம் இடைமறித்து 1.1.1.1 பெயரில் பொய் விடை தர முடியும். அதனால் ஆண்ட்ராய்டில், கேள்வியை மறையாக்கி அனுப்பும் பிரைவேட் டிஎன்எஸ்ஸையும் முயலுங்கள். அதில் எண் ஏற்காது. "ஒன்" என்ற ஆங்கிலச் சொல்லை எழுத்தாகவே நான்கு முறை, நடுவே புள்ளி வைத்து அடியுங்கள். சில பிஜி, ஆபீஸ் ரவுட்டர்கள் இது பயன்படுத்தும் போர்ட் 853ஐ அடைத்திருக்கும். அங்கே மொத்த நெட்டும் நின்றுபோனால் ஆட்டோமேட்டிக்குக்குத் திரும்புங்கள்.

டிஎன்எஸ் சரியாக இருந்தும் "கனெக்‌ஷன் ரீசெட்" என்றே வந்தால் தளத்தின் பெயரைப் பார்த்துத் தடுக்கும் எஸ்என்ஐ வடிகட்டலாக இருக்கலாம். எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு பக்கத்தின் உள்ளடக்கத்தை மறைத்தாலும், இணைப்பின் முதல் செய்தியில் தளத்தின் பெயர் வெளிப்படையாகப் போகிறது. அதைப் படித்து இணைப்பை வெட்டுகிறார்கள். இந்திய நெட்டில் இம்முறை இருப்பதை பெங்களூரின் சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டி என்ற ஆய்வு அமைப்பு 2019இல் ஆவணப்படுத்தியது. ஒவ்வொரு நிறுவனமும் தடுக்கும் பட்டியல் வேறுபடுவதையும் அதன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். எனவே ஒரு சிம்மில் திறப்பதால் அரசு ஆணையே இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் சரியில்லை என்ற எச்சரிக்கை வந்தால் முதலில் போனின் தேதி சரியா என்று பாருங்கள். எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே போகவே கூடாது. 403 என்ற பிழை எண் வந்தால் பெரும்பாலும் தளமே மறுப்பது. 451 என்றால் சட்டக் காரணம்.

தடை என்று உறுதியானால் நேரம், நெட் நிறுவனம், முழு முகவரி, ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். மத்திய அரசு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் தடுக்கிறது. பதிப்புரிமை வழக்குகளில் நீதிமன்றமும் ஆணையிடும். ஆகவே மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், தொலைத்தொடர்புத் துறை இரண்டுக்கும் ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட) மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். பெங்களூரிலிருந்து தமிழில் எழுத முடியாது. ஆங்கிலம், இந்தி, கன்னடம் மட்டுமே.

69ஏ தடைகளுக்கான 2009 விதிகளின் 16ஆவது விதியைக் காட்டி, ரகசியம் என்று அவர்கள் மறுக்கலாம். மறுப்புக் கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். முடக்கப்பட்டது உங்கள் சொந்தத் தளம் என்றால் வழக்கறிஞரிடம் போங்கள். காரணம் எழுத்தில் பதியப்பட வேண்டும், அதை அரசியலமைப்பின் 226ஆவது பிரிவில் உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம் என்று ஷ்ரேயா சிங்கல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015இல் சொல்லியிருக்கிறது.