வளைந்த காலுக்கெல்லாம் தண்ணீரே காரணமல்ல: அரிய நோய்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரிப் பக்கம் புதிதாக வேலைக்கு வரும் இளம் டாக்டர்கள் சுறுசுறுப்பானவர்கள். வந்த சில மாதங்களிலேயே ஊர் வியாதிகளைப் பிடித்துவிடுகிறார்கள். பல்லில் பழுப்புக் கறை, விறைத்த முதுகு, வளைந்த கால் என்றால் குடிதண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடு. வெளுத்துப்போன பெண் என்றால் ரத்தசோகை. பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு அது சரியாகவும் இருக்கும். மிச்சம் இருக்கிற அந்த ஒருவர் வந்து உட்காரும்போதுதான் சிக்கல். எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகளை, அதே தைரியத்தோடு, இவர்களும் செய்கிறார்கள்.

நோயாளி சொல்வதைக் கேளுங்கள், கையெழுத்தைத் திருத்துங்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

பச்சைக் குழந்தையின் காமாலையை வெயிலிடம் ஒப்படைப்பது

பிறந்த ரெண்டு மூன்று நாளில் வரும் மஞ்சள் பெரும்பாலும் தானே இறங்கிவிடும். அதனால் "காலை வெயிலில் காட்டும்மா" என்ற பதில் எல்லார் வாயிலும் தயாராக இருக்கிறது. நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு ரெண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் போகவில்லை என்றால் அந்தப் பதில் செல்லாது. மஞ்சள் நிறம் தரும் பிலிருபினில், ஈரல் பதப்படுத்திய டைரக்ட் பகுதி எவ்வளவு என்று தனியாகப் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால் குழந்தையின் துணியைப் பார்க்க வேண்டும். மலம் வெள்ளைக் களிமண் போல வெளுத்து, மூத்திரம் துணியில் மஞ்சளாகக் கறை பிடித்தால், பித்தநாளம் அடைபட்டிருக்கலாம். பிலியரி அட்ரீசியா.

ஜப்பானிய சர்ஜன் மோரியோ கசாய் 1959-இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைதான் இன்றைக்கும் இதற்கு முதல் வழி. குடலின் ஒரு பகுதியை நேராக ஈரலோடு இணைத்துப் பித்தத்துக்குப் பாதை விடுகிறார்கள். 60 நாளுக்குள் செய்தால் பலன் நன்றாக இருக்கும். தள்ளிப்போகப் போகக் குறையும், கடைசியில் ஈரல் மாற்றுதான் மிஞ்சும். தைவானில் 2004 முதல் நாடு முழுக்க மலத்தின் நிறத்தைக் காட்டும் அட்டையைத் தாய்மார்களிடம் கொடுக்கிறார்கள். அட்டை இல்லாத இடத்தில், துணியை அலசாமல் அப்படியே எடுத்துவரச் சொன்னால் போதும். கீழாநெல்லி கொடுத்து, மந்திரித்து, ஒன்றரை மாதத் தடுப்பூசிக்கு வந்த இடத்தில் நர்ஸ் கண்ணில் பட்ட குழந்தைகள் உண்டு. அப்போதும் நாள் கடந்துவிடவில்லை. "இன்னும் ரெண்டு வாரம் சொட்டு மருந்து கொடுத்துப் பார்ப்போம்" என்று நாம் சொல்கிறோமே, அங்கேதான் கடக்கிறது.

வளைந்த காலைத் தண்ணீர் கணக்கில் எழுதுவது

இதைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் பாறைக்கு அடியிலிருந்து வரும் போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது உண்மை. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1.5 வரை, என்பது இந்தியத் தர அளவு. பல கிராமங்களில் அதைவிட அதிகமாகத்தான் குடித்தார்கள். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அந்த வரலாறு நம் மண்டையில் அவ்வளவு ஆழமாக உட்கார்ந்திருப்பதால், பென்னாகரம், பாலக்கோடு என்று ஊர்ப் பெயரைக் கேட்டதுமே நோயின் பெயரும் முடிவாகிவிடுகிறது.

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு சிறுமி வந்தாள். ஆறு வயது இருக்கும், உயரம் நான்கு வயதுக்குத்தான். நடக்க ஆரம்பித்ததிலிருந்தே முழங்கால்கள் வெளிப்பக்கம் வில்லாக வளைந்து, வாத்து நடை. அம்மாவும் குள்ளம், அவருக்கும் கால் வளைவு. "எங்க ஊரு தண்ணி அப்படி சார்" என்றார் அந்த அம்மா. அதற்கு முன் பார்த்த இடத்திலும் அதையே சீட்டில் எழுதி, வைட்டமின் டி ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டிருந்தார்கள். "பெரியவளானதும் ஆபரேஷன் செய்து நேராக்கிக்கலாம்" என்றும் சொல்லியிருந்தார்கள்.

கூடவே அவளுடைய அண்ணன் நின்றிருந்தான். அதே வீடு, அதே குடத்துத் தண்ணீர், கால் ரெண்டும் நேராக இருந்தது. யாரும் அவனைப் பார்க்கவில்லை.

சிறுமியின் வாயைத் திறந்தால் பல்லில் கறையே இல்லை. கீழே ஒரு பல்லின் அடியில் ஈறு கொப்பளித்திருந்தது, அந்தப் பல்லிலோ சொத்தை கிடையாது. சொத்தையே இல்லாமல் பல்லடியில் சீழ் வைத்தால் நிமிர்ந்து உட்கார வேண்டும். அம்மாவிடம் கேட்டால் அவருக்கும் சின்ன வயதிலேயே பற்கள் இப்படிச் சீழ் வைத்துப் பிடுங்கியதுதான்.

அடுத்தது ரிப்போர்ட். என் எரிச்சலுக்குக் காரணமே இந்தக் காகிதம்தான். கால்சியம் சரி. எலும்பு நோயில் ஏறும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி எகிறியிருந்தது, பக்கத்தில் நட்சத்திரக் குறி. "வளர்ற பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும்" என்று யாரோ விட்டுவிட்டார்கள். பாஸ்பரஸ் 2.6. அதற்கு நேரே அச்சடித்திருந்த அளவு 2.5 முதல் 4.5 வரை. நட்சத்திரம் இல்லை, எனவே யார் கண்ணும் அங்கே நிற்கவில்லை. அந்த 2.5 – 4.5 பெரியவர்களுக்கான அளவு. வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு கட்டப் பாஸ்பரஸ் அதிகம் வேண்டும், ரத்தத்திலும் அதிகமாகவே இருக்கும். ஆறு வயதில் 4-க்குக் கீழே போனாலே யோசிக்க வேண்டும். 2.6 மிகக் குறைவு. ஆய்வகத்துக் கணினி எல்லா வயதுக்கும் ஒரே அளவை அச்சடிக்கிறது, நாமும் அதை அப்படியே நம்புகிறோம்.

அவளுக்கு இருந்தது எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் ஹைப்போபாஸ்பட்டீமியா. பெக்ஸ் என்ற மரபணுவில் கோளாறு, அதனால் எஃப்ஜிஎஃப்-23 என்ற ஹார்மோன் கூடி, சிறுநீரகம் பாஸ்பேட்டை மூத்திரத்தில் கொட்டிவிடுகிறது. உறுதி செய்யப் பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம். காலையில் வெறும் வயிற்றில் ரத்தமும் மூத்திரமும் ஒரே நேரத்தில் எடுத்து, இரண்டிலும் பாஸ்பேட், கிரியாட்டினின் பார்த்தால் கசிவு தெரிந்துவிடும். ஃப்ளோரைடு எக்ஸ்ரேயில் எலும்பு பளீரென்று வெண்மையாகத் தடித்து, முன்கையின் இரண்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள சவ்வில் சுண்ணாம்பு படிந்திருக்கும். இங்கே முழங்கால் எலும்பின் நுனி கிண்ணம் போலக் குழிந்து, விளிம்பு பிசிறடித்திருந்தது. கால்சியம் குறைந்த பிள்ளைக்கு ஃப்ளோரைடும் சேர்ந்தால் படம் குழப்பும். அதனால் எக்ஸ்ரேயோடு நிற்காமல் பாஸ்பரஸ் பார்க்கச் சொல்கிறேன்.

இந்த நோய்க்குச் சும்மா வைட்டமின் டி ஊசி போட்டுக்கொண்டே இருந்தால் கால் நேராகாது. ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகத்தில் படியும். ரத்தத்தைச் சரி செய்யாமல் எலும்பை வெட்டி நேராக்கினால் மறுபடி வளையும். கொடுக்க வேண்டியது பாஸ்பேட் கரைசலும், உடல் நேராகப் பயன்படுத்தும் வடிவ வைட்டமின் டி-யான கால்சிட்ரியாலும். பாஸ்பேட்டை நாளைக்கு நான்கைந்து வேளையாகப் பிரிக்க வேண்டும், ஒரே வேளையில் கொடுத்தால் பேதியாகும். கால்சிட்ரியால் இல்லாமல் பாஸ்பேட் மட்டும் கொடுத்தால் பாராதைராய்டு சுரப்பி முறுக்கிக்கொள்ளும். உப்புக் கரிக்கிறது என்று அம்மாக்கள் பாலில் கலந்துவிடுவார்கள், பாலின் கால்சியம் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மருந்துச் சீட்டில் "பாலில் வேண்டாம்" என்று பெரிதாக எழுதுங்கள். மதிய வேளை மருந்துக்குப் பள்ளி ஆசிரியரிடம் பேச வேண்டியிருக்கும், அதுவும் சிகிச்சையில் சேர்ந்ததுதான். புரோசுமாப் என்ற ஊசி 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, நன்றாக வேலை செய்கிறது. விலை நம் குடும்பங்கள் நினைத்துப் பார்க்கிற மாதிரி இல்லை.

அந்த அம்மாவை மறந்துவிடக் கூடாது. முப்பது வயதில் இடுப்பு வலி, குனிய முடியாத முதுகு. அவருக்கும் எலும்பு ஃப்ளோரைடு என்றே எழுதியிருந்தது. இந்த நோய் பெரியவர்களிடம் தசைநாண்களில் சுண்ணாம்பைப் படியவைத்து, எக்ஸ்ரேயில் கிட்டத்தட்ட ஃப்ளோரைடு வேஷமே போடும். கூடவே தொடை எலும்பில் மயிரிழை விரிசல்கள். சிறுவயதில் கால் வளைவாக வந்தது, நடுவயதில் மூட்டுத் தேய்வு மாதிரி வந்து நிற்கிறது. மகளுக்குக் கண்டுபிடித்ததால்தான் அம்மாவுக்கும் தெரிந்தது.

கால் வளைந்த பிள்ளைகள் எல்லாருக்கும் இதே நோய் என்று நான் சொல்லவில்லை. சிறுநீரகம் அமிலத்தை வெளியேற்றாத ரீனல் டியூபுலர் அசிடோசிஸ் இருக்கலாம். பொட்டாசியம் குறைந்து, காலையில் எழுந்திருக்க முடியாமல் கிடப்பார்கள். அதற்கு விலை குறைந்த சோடா பைகார்பனேட் மாத்திரையே பெரும்பகுதி வேலையைச் செய்துவிடும். ஃப்ளோரைடு என்று எழுதி மூடிய நோட்டில் அந்த மாத்திரைக்கு இடம் இல்லை.

சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்காமல் விடுவது

கேளுங்கள். திட்டுவதற்காகக் கேட்காதீர்கள்.

பிரசவம் முடிந்ததும் அந்தப் பேச்சை மறந்துவிடுவது

நாற்பது வயதுப் பெண், எப்போதும் அசதி, குளிர் தாங்காது, அடிக்கடி சோடியம் குறைந்து மயக்கம். குளுக்கோஸ் ஏற்றி அனுப்புகிறோம், மறுபடி வருகிறார். கடைசிப் பிரசவத்தில் ரத்தம் நிறையப் போனதா, பால் சுரந்ததா, அதற்குப் பிறகு மாதவிலக்கு வந்ததா என்று மூன்று கேள்வி கேட்டால் போதும். பால் சுரக்கவே இல்லை, தூரம் நின்றுபோச்சு என்றால் ஷீஹன் சிண்ட்ரோம். ரத்தப்போக்கில் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி செத்துப்போயிருக்கிறது.

இங்கே ரெண்டு பள்ளம். தைராய்டைத் தூண்டப் பிட்யூட்டரி சுரக்கும் டிஎஸ்எச் மட்டும் பார்த்தால் நார்மல் என்று வரலாம், ஏனென்றால் அதைச் சுரக்க வேண்டிய இடமே பழுது. தைராய்டு ஹார்மோனான டி4 சேர்த்துப் பார்க்க வேண்டும். சரி, தைராய்டு குறைவு என்று தெரிந்ததும் தைராக்ஸினை ஆரம்பித்துவிடக் கூடாது. கார்ட்டிசால் என்ற ஸ்டீராய்டு ஹார்மோன் குறைவாக இருக்கும்போது தைராக்ஸின் மட்டும் போனால் நோயாளி சரிந்துவிடுவார். முதலில் ஸ்டீராய்டு, அப்புறம் தைராக்ஸின். காய்ச்சல் வந்தால் ஸ்டீராய்டு அளவைக் கூட்டச் சொல்லி ஒரு அட்டையில் எழுதிக் கொடுங்கள், எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் காட்டுவார்.

ஒரே சீட்டில் இருபது டெஸ்ட் எழுதுவது

ஆட்டை விற்றுத்தான் அந்தப் பணம் வருகிறது.

"வயசானா அப்படித்தான்"

கண் இமை தொங்குவதும், ரெண்டு ரெண்டாகத் தெரிவதும், சாப்பாட்டை மென்றுகொண்டே இருக்கும்போது தாடை சோர்வதும் வயதின் அடையாளம் இல்லை. காலையில் சரியாக இருந்து சாயங்காலம் மோசமானால், தசைகள் சீக்கிரம் சோரும் மயஸ்தீனியா கிராவிஸாக இருக்கலாம். நாற்பதுக்குக் கீழே பெண்களுக்கு அதிகம், ஐம்பதுக்கு மேலே ஆண்களுக்கு அதிகம். பக்கவாதம் என்றும் கண்புரை என்றும் சுற்றிவிட்டு வருவார்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றித் தொங்கும் இமைமேல் ரெண்டு நிமிடம் வைத்துப் பாருங்கள். இமை தூக்கினால் சந்தேகம் வலுக்கிறது. இவர்களுக்கு மூத்திரத் தொற்று என்று ஜென்டாமைசின் ஊசி போட்டால் மூச்சுத் தசையே நின்றுபோகலாம். சிப்ரோஃப்ளாக்சசின், மக்னீசியம் எல்லாமே ஆபத்து.

"மேல் சிகிச்சைக்கு" என்று மட்டும் எழுதி அனுப்புவது

எதற்காக அனுப்புகிறோம், எது வரை பார்த்தோம், நம் சந்தேகம் என்ன என்ற மூன்றும் சீட்டில் இல்லையென்றால் அங்கே முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். 2021-இல் வந்த தேசிய அரிய நோய்க் கொள்கையின்படி, பட்டியலில் உள்ள நோய்களுக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. ஆனால் அது அங்கீகரிக்கப்பட்ட சிறப்பு மையம் வழியாகத்தான் கிடைக்கும். பெங்களூரு மனித மரபியல் மையமும் இந்திரா காந்தி குழந்தைகள் மருத்துவமனையும் சேர்ந்தது அப்படி ஒரு மையம். ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்குச் சென்னையைவிடப் பக்கம். பழைய எக்ஸ்ரே, பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி ஒரே பையில் போட்டுக் கொடுத்து அனுப்புங்கள். பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு வீட்டுப் பெட்டியில் இருந்தால் அதுவும் சேரட்டும்.