சிறிய தொடக்கப்பள்ளியில் குறை கேட்பதும் பதில் சொல்வதும்

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, 60 பிள்ளைகள் வரை படிக்கும் தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் இருக்க வேண்டும். குமரி மாவட்டத்தில் ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவிலும் கடற்கரை ஊர்களிலும், 40 பிள்ளைகள்கூட இல்லாமல் நடக்கும் ஈராசிரியர் பள்ளிகளின் ஆசிரியர்களுக்காகவும், அப்பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன். பெரிய பள்ளிகளுக்குச் சொல்லப்படும் வழிமுறைகள் இங்கே பல நேரம் பொருந்துவதில்லை. எந்தக் கையெழுத்து யாருடையது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

நான் முன்பு பணியாற்றிய ஒரு பள்ளியில் வராந்தாச் சுவரில் குறைப்பெட்டி ஒன்றை மாட்டினேன். மூன்று மாதம் கழித்துத் திறந்தபோது இரண்டு துண்டுச்சீட்டுகளும் ஒரு மிட்டாய்க் காகிதமும் இருந்தன. ஒரு சீட்டில், பெண் பிள்ளைகளின் கழிவறைக் கதவுக்குத் தாழ் இல்லை என்று பச்சை மையில் எழுதியிருந்தது. அதைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் படித்துக் காட்டினேன். படித்து முடிப்பதற்குள் நான்காம் வகுப்பில் பச்சைப் பேனா வைத்திருந்த ஒரே சிறுமியை மொத்தப் பள்ளியும் திரும்பிப் பார்த்தது. தாழ் அந்த வாரமே போடப்பட்டது. அந்தச் சிறுமி அதற்குப் பிறகு எதையும் கேட்டதில்லை. பிழை என்னுடையது, கீழே சொல்லும் முறை பெரும்பாலும் அந்தப் பிழையிலிருந்து உண்டானது.

பிள்ளைகளிடம் கேட்பது

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளால் குறையை எழுத முடியாது; எழுதத் தெரிந்த பெரிய பிள்ளைகளோ ஆசிரியர் விரும்புவது எது என்று ஊகித்து அதையே எழுதுவார்கள். ஆகவே எழுத்தை விட்டுவிட்டு, நான்கைந்து பிள்ளைகளை ஒரு குழுவாகச் சேர்த்து, அவர்களே உங்களைப் பள்ளி முழுக்கச் சுற்றிக் காட்டும்படி சொல்லுங்கள். "எந்த இடத்துக்கு நீ தனியே போகமாட்டாய்?", "எந்த இடத்தில் உட்கார உனக்குப் பிடிக்கும்?" என்ற இரண்டு கேள்விகள் போதும். தண்ணீர்த்தொட்டிக்குப் பின்புறம், கழிவறைக்குப் போகும் வழி, மதிலோரத்துப் பலாமரத்தடி என்று நாம் கடந்துபோகும் இடங்களில் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். அவர்கள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் சொல்வதைச் சொன்ன சொல்லிலேயே எழுதுவது முக்கியம். விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பிள்ளைகள் குடிநீரை வெள்ளம் என்பார்கள், பயத்தைப் பேடி என்பார்கள். "கக்கூசுக்குப் போக பேடியா இருக்கு" என்று ஒரு பிள்ளை சொன்னதை "கழிவறை வசதி மேம்படுத்தப்பட வேண்டும்" என்று பதிவேட்டில் மாற்றி எழுதினால், பயம் என்ற செய்தியே காணாமல் போய்விடும். கழிவறை சுத்தமாகவே இருக்கலாம். பயத்துக்குக் காரணம் ஐந்தாம் வகுப்புப் பையன்கள் வெளியே நின்று கதவைத் தட்டுவதாக இருக்கலாம். மேம்படுத்தும் நிதி கேட்டு மனு எழுதினால் அது தீராது.

சுற்றிப் பார்த்ததில் கிடைத்தவற்றுள் எது முதலில் என்று முடிவு செய்யச் சிரட்டையும் (தேங்காய் ஓடு) புளியங்கொட்டையும் போதும். ஐந்து சிரட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றின் முன்னும் ஒரு படம் வையுங்கள்: சாப்பாட்டுத் தட்டு, தண்ணீர்க் குழாய், கழிவறை, விளையாட்டு இடம், வகுப்பறை. ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று புளியங்கொட்டைகள். முதலில் சரி செய்ய வேண்டியதில் அதிகம் போடட்டும். சிரட்டையைத் திறந்து வைத்தால் எதில் குவிந்திருக்கிறதோ அதிலேயே எல்லோரும் போடுவார்கள். எனவே காகிதத்தால் மூடி, நடுவில் துளையிட்டு, அலமாரிக்குப் பின்னால் வைத்து ஒவ்வொருவராக அனுப்புங்கள். அப்போது ஆசிரியர் அருகில் நிற்கக் கூடாது. எண்ணுவதை மட்டும் பிள்ளைகள் எல்லோர் முன்னிலையிலும் செய்யுங்கள். மூன்றாம் வகுப்புக்கு அது ஒரு கணக்குப் பாடமாகவும் ஆகிவிடும்.

பெற்றோரிடம் கேட்பது

"கூட்டத்துக்கு யாருமே வருவதில்லை" என்பது நம்மிடையே அடிக்கடி கேட்கும் புலம்பல். கூட்டம் வைத்த நேரத்தை முதலில் பாருங்கள். விடியும் முன்பே ரப்பர்ப் பால்வெட்டுக்குப் போகிறவர் பாலெடுத்து முடித்து வீடு திரும்ப முற்பகல் ஆகிவிடும். அண்டி ஆபீசுக்கு (முந்திரித் தொழிற்சாலைக்கு) போகும் தாய் மாலையில்தான் திரும்புவார். கடற்கரை ஊரில் ஆழ்கடலுக்குப் போன தகப்பன் வாரக்கணக்கில் வரமாட்டார். மீன் விற்கும் தாய்க்குக் காலை முழுவதும் சந்தை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத ஊர்களில், தேவாலயத்தில் பூசை முடிந்து மக்கள் கலையும் அரை மணி நேரம் யாவரையும் பார்க்கக் கிடைக்கும். தோவாளைப் பக்கம் பூத்தொழிலில் இருப்பவர்களின் வேலை இருட்டிலேயே தொடங்கிவிடும். ஆகவே ஒரே கூட்டத்தில் எல்லோரையும் பிடிக்க முயல்வதைவிட, ஒரு பருவத்தில் ஒருமுறை பிள்ளையின் வீட்டு வாசலுக்கே போய்ப் பத்து நிமிடம் பேசுவது எளிது. 40 பிள்ளைகள் என்றால் ஏறத்தாழ 30 வீடுகள். இரண்டு ஆசிரியர்கள் மாலையில் இரண்டிரண்டு வீடாகப் போனால் இரண்டு வாரத்தில் முடியும்.

வாட்ஸ்அப் குழுவை மட்டும் நம்பாதீர்கள். பல வீடுகளில் பள்ளியில் கொடுத்த எண் தகப்பனுடையது. தகப்பன் வளைகுடாவில் இருப்பார். பள்ளிக்குக் கால் கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் தாய்க்கு நம் செய்தி கடல் கடந்து போய்த்தான் திரும்பி வரும். மழை விடுமுறை நாளில் இது வெளிப்படையாகத் தெரியும். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவிக்கும் வேளையில் பால்வெட்டுக்குப் போன பெற்றோர் வீட்டில் இருக்கமாட்டார்கள், பிள்ளை தனியே நனைந்துகொண்டு வந்துவிடும். ஒவ்வொரு தெருவிலும் காலையில் வீட்டிலிருக்கும் ஒருவரின் எண்ணை வாங்கி வைத்து, அவர் நான்கு வீடுகளுக்குச் சொல்வது என்று பெற்றோரோடு பேசி முடிவு செய்தால் போதும். வந்துவிட்ட பிள்ளையைத் திருப்பி அனுப்பாமல், பெற்றோர் வரும்வரை உட்கார வைப்பதையும் அப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

காத்திருக்கக் கூடாதவை

சில குறைகளைப் பதிவேட்டில் எழுதி வரிசையில் வைக்கக் கூடாது. பிள்ளையை அடித்ததாகவோ மனம் நோகும்படி நடத்தியதாகவோ புகார் வந்தால், கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது என்பதை நினைவில் வைத்து அன்றே நடவடிக்கை எடுக்க வேண்டும். பாலியல் சீண்டல் பற்றிய ஐயம் எழுந்தால், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். அதைக் குழுக் கூட்டத்தில் வைத்து விவாதிப்பதும், பிள்ளையைப் பலமுறை விசாரிப்பதும், ஊர்ப் பெரியவர்களைக் கொண்டு பேசி முடிப்பதும் கூடாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகளின் கண் உயரத்தில் எழுதி வையுங்கள்.

ஈராசிரியர் பள்ளிக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. புகார் தலைமை ஆசிரியர் மீதே என்றால் பெற்றோர் யாரிடம் போவார்கள்? மேலாண்மைக் குழுத் தலைவரிடமோ வட்டாரக் கல்வி அலுவலரிடமோ போகலாம், 14417 என்ற கல்வி உதவி எண்ணை அழைக்கலாம் என்பதைத் தலைமை ஆசிரியரே ஆண்டுத் தொடக்கத்தில் தம் வாயால் சொல்லிவிட வேண்டும். சொல்வதற்குச் சங்கடமாக இருக்கும். சொன்ன பிறகு மற்றக் குறைகளும் தயங்காமல் வருவதைக் கண்டிருக்கிறேன்.

பதில் சொல்வது

கேட்டதில் பாதி உழைப்பைக்கூட நாம் பதிலுக்குச் செலவிடுவதில்லை. தடிமனான ஒரு நோட்டில் ஐந்து பத்திகள் கோடு போடுங்கள்: சொன்ன சொல், வந்த நாள், யார் கையில் இருக்கிறது, என்ன செய்தோம், பதில் சொன்ன நாள். சொன்னவரின் பெயருக்குப் பத்தி வேண்டாம். அது ஆசிரியரின் நினைவில் இருந்தால் போதும். ஐந்தாவது பத்தி ஏழு பள்ளி நாட்களுக்குள் நிரம்ப வேண்டும். வேலை முடியாவிட்டாலும் பதில் போக வேண்டும்.

கதவுத் தாழ், குழாய், சாம்பாரில் காரம் ஆகியவை பள்ளிக்குள்ளேயே தீர்பவை. காரம் பற்றிச் சத்துணவு அமைப்பாளரிடமும், காலை உணவு சமைக்கும் மகளிர் குழுவினரிடமும் நேரில், மரியாதையாகப் பேசுங்கள். அவர்களும் இதே ஊரின் தாய்மார்கள்தான்.

மதில், குடிநீர் இணைப்பு போன்றவற்றுக்கு மேலாண்மைக் குழுவின் தீர்மானம் வேண்டும். குழு உறுப்பினரில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். கையெழுத்துக்கு மட்டும் நோட்டை வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள். ஊராட்சிப் பகுதியில் இருக்கும் பள்ளி, தன் தீர்மானத்தைக் கிராம சபைக்குக் கொண்டுபோகலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டில் ஆறு நாட்கள் அதற்கு உண்டு. நம் மாவட்டத்தில் பேரூராட்சிகள் மிகுதி. அங்கே கிராம சபை கிடையாது என்பதால், வார்டு உறுப்பினரிடமும் செயல் அலுவலரிடமும் மனுவாகக் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளி என்றால், 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி குழுவுக்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டுமே உண்டு. பதில் தாளாளரிடமிருந்து எழுத்தில் வர வேண்டும், அதை வாங்கித் தருவது தலைமை ஆசிரியரின் பொறுப்பு.

முடியாததை முடியாது என்று சொல்லிவிடுங்கள். "பார்க்கலாம்" என்ற சொல்லைப் பெற்றோர் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள், அதன் பொருள் அவர்களுக்குத் தெரியும். பதில் இப்படி அமையலாம்: "தாழ் போட்டாயிற்று. தண்ணீருக்கு 12ஆம் தேதி மனு கொடுத்திருக்கிறோம், அடுத்த கூட்டத்தில் நிலையைச் சொல்வோம். ஐந்தாம் வகுப்புக்குத் தனி ஆசிரியர் இப்போதுள்ள பிள்ளைகள் எண்ணிக்கைக்குக் கிடைக்கமாட்டார்; அதனால் பிற்பகல் முதல் பாடவேளையை அவர்களுக்கென ஒதுக்கியிருக்கிறோம்." சொன்னவர் யார் என்று காட்டாமல், "பள்ளியைச் சுற்றிப் பார்த்தபோது தெரிந்தது" என்று தொடங்கிப் பொதுவில் அறிவியுங்கள், கேட்ட பிள்ளையிடம் தனியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

பணிமாறுதல் வந்தால், பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் மேசை, நாற்காலி, தராசு ஆகியவற்றோடு இந்த நோட்டையும் ஓர் இனமாகச் சேர்த்து, ஐந்தாவது பத்தி காலியாக இருக்கும் வரிகளின் கீழ் கோடிட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் புதிதாக வருபவர் வீடு வீடாகப் போகும்போது, "போன சாரிடம் எல்லாம் சொன்னோமே" என்ற பதிலைத்தான் வாசலில் கேட்பார்.