கருக் கலைந்து இரத்தம் போனால் என்ன செய்ய வேண்டும்?

யாழ்ப்பாணத்தில் முப்பது வருடம் மிட்வைஃபாக வேலை செய்தேன். மாதவிலக்கு தள்ளிப்போன பிள்ளைகள் பலர் எங்களிடம் வருவதற்கு முன்னரே பிஞ்சுப் பப்பாசியும் எள்ளும் சாப்பிட்டுப் பார்த்திருப்பார்கள். அதில் நாள் வீணாகிறதே தவிர வேறொன்றும் நடப்பதில்லை.

முதலில் நாளை எண்ணுங்கள். கடைசி மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்துதான் கணக்கு. உறவு நடந்து 72 மணித்தியாலம் ஆகவில்லையென்றால் பாமசியில் அவசரக் கருத்தடைக் குளிசை கேளுங்கள். கரு தங்கிய பிறகு அந்தக் குளிசை அதைக் கலைக்காது. நாள் தள்ளியிருந்தால் காலையில் முதல் சிறுநீரில் சோதித்துப் பாருங்கள்.

எங்கள் சட்டத்தையும் சொல்லவேண்டும். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. வல்லுறவால் தங்கிய கருவுக்கும் விலக்கில்லை. 1995இலும் 2017இலும் இதைத் தளர்த்த எடுத்த முயற்சிகள் கைகூடவில்லை. கருவும் உயிர்தானே என்று கோயிலிலும் தேவாலயத்திலும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ஆனால் இந்தச் சட்டம் வைத்தியரின் கையைத்தான் கட்டியது, கருவைக் கலைக்க உள்ளே வைக்கும் எருக்கங்குச்சியை ஒருபோதும் தடுக்கவில்லை.

சட்டம் இடம்தரும் நாடுகளில் மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டோல் என்ற குளிசைகள் கொடுக்கிறார்கள்; அல்லது குழாயால் உறிஞ்சி எடுக்கிறார்கள். கூரிய கருவியால் சுரண்டும் பழைய முறை வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஒரு மாரிக்காலத்தில் ஒரு பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். மூன்று நாள் காய்ச்சல். "கிணற்றடியில் வழுக்கி விழுந்திட்டாள்" என்றார் தாய். தாயைத் தேத்தண்ணீர் வாங்க அனுப்பிவிட்டுத்தான் கேட்டேன். குச்சி வைத்ததை அப்போதுதான் சொன்னாள். பிழைத்துவிட்டாள், கர்ப்பப்பையைத்தான் எடுக்கவேண்டி வந்தது. முதல்நாளே வந்திருந்தால் என்று இன்றும் நினைக்கிறேன்.

அதனால் இதைக் கவனமாக வாசியுங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு இரண்டு பெரிய பாட் நனைந்து, அது தொடர்ந்து இரண்டு மணித்தியாலம் நீடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சல், குளிர்நடுக்கம், நாற்றமான வெள்ளை, அடிவயிற்றில் விடாத வலி, இவற்றில் ஒன்று வந்தாலும் அப்படியே. தலைசுற்றலோடு தோள்மூட்டும் வலித்தால் கரு கர்ப்பப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கி வெடித்திருக்கலாம், ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். போதனா வைத்தியசாலை தூரமென்றால் தெல்லிப்பழை, பருத்தித்துறை எது கிட்டவோ அங்கே போங்கள்.

வைத்தியரிடம் என்ன குடித்தீர்கள், என்ன வைத்தீர்கள், எத்தனை நாளாயிற்று என்று உள்ளபடி சொல்லுங்கள். மாமியார் பக்கத்தில் நின்றால் வெளியே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கருச்சிதைவால் வந்தவருக்குச் சிகிச்சை தருவது குற்றமில்லை. உள்ளே மிச்சம் இருந்தால் எடுத்து, கிருமிக்கு மருந்து தருவார்கள்.

அப்புறம், வீட்டுக்கு வந்து இரண்டு வாரத்துக்குள்ளேயே மறுபடி கரு தங்கலாம். வார்டிலிருந்து கிளம்பும் முன்னரே கருத்தடை பற்றிக் கேட்டுவிடுங்கள்.