50 கேபிக்குள்ள போட்டோ கேக்குறாங்களா? அமுக்குறதுக்கு முன்னாடி பிக்சலைக் குறைங்க

பேங்க் எக்ஸாம் அப்ளிகேஷன் முடியுற அன்னிக்கு சாயங்காலம் எங்க தெருப் பொண்ணு ஒருத்தி போனைத் தூக்கிட்டு வந்தா. "அண்ணா, 20 கேபில இருந்து 50 கேபிக்குள்ள போட்டோ கேக்குறாங்க, 48 கேபிக்கு கொண்டு வந்துட்டேன், ஆனா ப்ரிவியூல என் மூஞ்சியே என் மூஞ்சி மாதிரி இல்ல"ன்னா. வாங்கிப் பாத்தா கன்னமெல்லாம் கட்டம் கட்டமா இருக்கு, புருவம் கரிக்கோடு மாதிரி தெரியுது, பின்னாடி வெள்ளைச் சுவர்ல கூட அழுக்கு படிஞ்ச மாதிரி திட்டு. டீடெய்ல்ஸ் பாத்தேன், சைஸ் 48 கேபிதான், ஆனா பிக்சல் அளவு, அதாவது படத்துல இருக்குற புள்ளிகளோட எண்ணிக்கை, இன்னும் 1600க்கு 1200லயே இருக்கு. ஆப் அதைத் தொடவே இல்ல, குவாலிட்டியை மட்டும் அடிமட்டத்துக்கு இறக்கிடுச்சு.

இது ஏன் தப்புன்னு ஒரு தடவை புரிஞ்சுக்கிட்டா அப்புறம் எந்த ஆப் கையில இருந்தாலும் சமாளிச்சுடலாம். ஜேபெக்ங்கிறது (JPEG) போட்டோவுக்கு வழக்கமான ஃபைல் வகை, அது படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டமா வெட்டி வெட்டித்தான் சுருக்கும். 1600க்கு 1200ன்னா 30,000 கட்டம். 50 கேபிங்கிறது 51,200 பைட், அதை இத்தனை கட்டத்துக்கும் பிரிச்சுக் குடுத்தா ஒரு கட்டத்துக்கு 1.7 பைட்தான் வரும், அதுல கண்ணு எங்க மூக்கு எங்கன்னு என்னத்த எழுதி வைக்க முடியும்? அதே படத்தை 200க்கு 230ன்னு சின்னதாக்கிட்டா மொத்தமே 725 கட்டம்தான், ஒவ்வொண்ணுக்கும் கிட்டத்தட்ட 70 பைட் கிடைக்கும், முகம் தெளிவா இருக்கும். அதனால முதல்ல க்ராப், அப்புறம் ரீசைஸ், கடைசியாதான் குவாலிட்டி. இந்த வரிசையை மாத்தாதீங்க.

செய்யுறது எப்படின்னா, போன் கேலரிலயே தலையும் தோளும் மட்டும் வர்ற மாதிரி க்ராப் பண்ணிக்கோங்க, அகலத்தை விட உயரம் கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும். அப்புறம் ஸ்க்வூஷ்னு (Squoosh) தேடினா ஒரு சைட் வரும், கூகுள் க்ரோம் டீம் செஞ்சது, ப்ரௌசர்லயே ஓடும், படம் உங்க மெஷினை விட்டு வெளிய எங்கயும் போகாது. மார்க்ஷீட், ஆதார்னு போடும்போது இது ரொம்ப முக்கியம், யாரோ ஒருத்தர் சர்வர்ல போய் நம்ம சர்டிஃபிகேட் எல்லாம் உக்காரக் கூடாது. படத்தை அதுல போட்டு ரீசைஸை ஆன் பண்ணி அகலம் 200ன்னு குடுங்க, உயரம் தன்னால வந்துடும். ஃபார்மட்ல மோஸ்ஜேபெக் (MozJPEG) வச்சுட்டு குவாலிட்டி ஸ்லைடரை நகர்த்துனா கீழ சைஸ் கூடவே மாறிக்கிட்டே வரும். சில சமயம் 12 கேபி, 14 கேபின்னு 20க்கும் கீழ இறங்கிடும், அதையும் ரிஜெக்ட் பண்ணும், அப்போ குவாலிட்டியை 90க்கு மேல ஏத்துங்க, அப்பவும் வரலன்னா அகலத்தை 300 ஆக்குங்க. ஒவ்வொரு எக்ஸாமுக்கும் அளவு மாறும், அந்த நோட்டிஃபிகேஷனைத் திறந்து பாத்துட்டு செய்யுங்க.

கையெழுத்துலதான் நிறைய பேர் மாட்டுறாங்க. வெள்ளை பேப்பர்ல கறுப்பு இங்க் பேனாவால போட்டு ஜன்னல் ஓரம் பகல் வெளிச்சத்துல உங்க நிழல் விழாம நேர் மேல இருந்து போட்டோ எடுங்க, கையெழுத்தை ஒட்டி க்ராப் பண்ணுங்க. அதுக்கு கேக்குறது வழக்கமா 140க்கு 60 பிக்சல், 10ல இருந்து 20 கேபி. இவ்ளோ குட்டிப் படத்துல குவாலிட்டி 100 வச்சாலும் 10 கேபி வராம போகலாம், அப்போ அந்த பிக்சல் அளவு கட்டாயம்னு நோட்டிஃபிகேஷன்ல போடலன்னா அதே விகிதத்துல 280க்கு 120ன்னு வச்சா சரியா உக்காந்துடும்.

இனி வீட்டு போட்டோவுக்கு வரேன். வாட்ஸ்அப்ல சும்மா அனுப்புனா அதுவே சின்னதாக்கி அமுக்கிடும். 2023ல எச்டி ஆப்ஷன் வந்துச்சு, அது பரவால்ல, ஆனா ஒரிஜினல் அப்படியே போகணும்னா டாக்குமெண்ட்டாதான் அனுப்பணும். எங்க தாத்தா தவறினப்போ மாலை போட்டு வைக்க நல்ல படமா தேடுனோம், ஒரு கிரகப்பிரவேசத்துல அவர் சிரிச்ச படம் ஒண்ணு இருந்துச்சு, அதுவும் மூணு க்ரூப் சுத்தி வந்த காப்பி, எடுத்தவரோட போன் மாத்தி ஒரிஜினல் போயிடுச்சு. ஸ்டுடியோல 12க்கு 18 இன்ச் பெருசு பண்ணுனா நெத்தி விபூதி தோலோட கலங்கிப் போச்சு, கட்டம் போட்ட சட்டை வெறும் சாம்பல் கலரா தெரிஞ்சுது. அன்னிலருந்து ஒரிஜினல் மேல நான் எதையும் சேவ் பண்றதில்ல, சின்னதாக்குறதை வேற ஃபோல்டர்ல வேற பேர்லதான் வைக்கிறேன். ஜேபெக்கைத் திருத்தித் திருத்தி சேவ் பண்ணப் பண்ண ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா கெடும், தூக்கிப் போட்ட விவரம் திரும்ப வராது.

கல்யாண போட்டோ 300 இருக்கு, சொந்தக்காரங்களுக்கு அனுப்பணும்னா ஒண்ணொண்ணா உக்காந்து செய்ய வேண்டாம். விண்டோஸ்ல இர்ஃபான்வியூங்கிற (IrfanView) போட்டோ பாக்குற சாஃப்ட்வேர் இருந்தா B கீயை அழுத்துனா நிறைய படத்தை ஒண்ணா மாத்துற பேட்ச் விண்டோ வரும், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ல ரீசைஸ் டிக் பண்ணி நீளப் பக்கம் 1600ன்னு குடுங்க, ஜேபெக் குவாலிட்டி 80, அவுட்புட்டுக்கு புது ஃபோல்டர். 4000க்கு 3000 படம் 1600க்கு 1200 ஆனா பிக்சல் ஆறுல ஒரு பங்குக்கும் கீழ வந்துடும், போன் ஸ்க்ரீன்ல பாக்க அது தாராளம். ஸ்க்ரீன்ஷாட்டை மட்டும் பிஎன்ஜியாவே விட்டுடுங்க, ஜேபெக் ஆக்குனா எழுத்தைச் சுத்தி புழுதி மாதிரி வரும். டிபிஐ, அதாவது ஒரு இன்ச்சுக்கு எத்தனை புள்ளிங்கிறது, 72ஆ 300ஆன்னு குழம்பவே வேண்டாம், ஸ்க்ரீன்ல பாக்குறதுக்கு பிக்சல்தான் கணக்கு, டிபிஐ பிரிண்ட் போடும்போது பாத்துக்கலாம்.

டாக்குமெண்ட்டா அனுப்பும்போது ஒண்ணு கவனிங்க, கேமரால லொகேஷன் ஆன்ல இருந்திருந்தா எடுத்த இடம் படத்துக்குள்ளயே இருக்கும், அதுவும் கூடவே போகும். குழந்தைங்க படத்தை வீட்டுல எடுத்து தெரியாதவங்க இருக்குற க்ரூப்ல போடுறதா இருந்தா கேமரா செட்டிங்ல லொகேஷனை ஆஃப் பண்ணிட்டு எடுங்க.