இருளர் மொழியில் பறவைப் பெயர்களைப் பதிவது எப்படி (நான் சொதப்பிய இடங்களோடு)

ஆனைக்கட்டியில் இந்தப் பக்கம் கோவை மாவட்டம், அந்தப் பக்கம் கேரளத்தின் அட்டப்பாடி. இரண்டு பக்கமும் இருளர் ஊர்கள் உண்டு. நான் தமிழ்க்காரன், மொழி ஆராய்ச்சியெல்லாம் தெரியாது. ஓராண்டு தட்டுத்தடுமாறிக் கற்றதை மட்டும் சொல்கிறேன்.

1. முதலில் ஊர் மூப்பனை, அதாவது ஊர்த் தலைவரைப் பாருங்கள். போனை வெளியே எடுப்பது அப்புறம்.

2. போனில் ஒலிப்பதிவுக்கு வேவ் (WAV) வடிவம், 44.1 கிலோஹெர்ட்ஸ் வையுங்கள். வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் வேண்டவே வேண்டாம், அது ஒலியை நசுக்கிவிடும். மைக் துளைமேல் கைக்குட்டையை ஒரு சுற்று சுற்றினால் காற்று இரைச்சல் குறையும். காசு போட்டு வாங்கிய காலர் மைக்கை விட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

3. கேட்கும் முறை. நான் குப்புற விழுந்தது இங்கேதான். பறவைக் கையேட்டை விரித்து ஒவ்வொரு படமாகக் காட்டினேன். தையல்சிட்டுப் படத்தின்மேல் நகத்தை வைத்துப் பார்த்த பாட்டி, "இத்தாச்சோட்டுக் குருவிய (இவ்வளவு பெரிய குருவியை) நான் கண்டதே இல்லை கண்ணு" என்றார். 'பெயர் இல்லை' என்று எழுதிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் முருங்கை மரத்திலிருந்து அதே சிட்டு கத்த, பாட்டி திரும்பிக்கூடப் பார்க்காமல் பெயரைச் சொன்னார்! கையேட்டின் அந்தப் பக்கத்தில் காக்கை அளவுச் செம்போத்தும் சின்னஞ்சிறு தையல்சிட்டும் ஒரே அளவில் அச்சாகியிருந்தன. தப்பு புத்தகத்தில், பாட்டியிடம் இல்லை. அன்று எழுதிய 'பெயர் இல்லை' எல்லாவற்றையும் அடித்துவிட்டேன்.

அதனால் கூடவே நடங்கள். காலை ஆறரை மணிக்கு, ஆடு ஓட்டும்போது. பறவை கத்தினால் கேளுங்கள். கூடு, இரை, எந்த மரம் என்பதும் சேர்ந்தே வரும். போனில் குரலைப் போட்டுக் காட்டுவதைக் கூடு கட்டும் காலத்தில் தவிருங்கள், பறவை அலறிப்போகும். பெயரை மூன்று தடவை சொல்லச் சொல்லுங்கள். முதல் தடவை பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல் இருக்கும், மூன்றாவதுதான் வாயில் இயல்பாக வரும்.

4. எழுதுவது. இருளர் மொழியான இருளாவில் நாக்கு நடுவே நின்று ஒலிக்கும் உயிரொலிகள் உண்டு, தமிழில் அவற்றுக்கு எழுத்தில்லை. நான் எழுதியதை வாசித்துக் காட்டியபோது பாட்டியின் பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். இப்போது அவனே எழுதுகிறான், அவன் படித்த மலையாள எழுத்தில். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் தமிழில் எழுதுகிறார்கள். எக்செல்லில் இரண்டுக்கும் தனித்தனி கட்டம் வையுங்கள், அறிவியல் பெயருக்கு ஒன்று, ஒலிக்கோப்பின் பெயருக்கு ஒன்று. சந்தேகம் வந்தால் ஒலிதான் மூலம்.

5. ஏற்றுவது. உயிரினங்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் அந்த இனத்தின் பக்கத்துக்குப் போய் மொழியைக் குறிப்பிட்டுப் பெயர் சேர்க்கலாம். ஒலிக்கு லிங்குவா லிப்ரே என்ற உச்சரிப்புப் பதிவுத் தளம். அதில் பதிவது விக்கிப்பீடியாவின் கோப்புக் கிடங்கான விக்கிமீடியா காமன்ஸில் போய் உட்காரும். அங்கே தரும் உரிமம் கட்டற்றது, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், பிறகு திரும்பப் பெற முடியாது. குரல் கொடுத்தவருக்கு இதைப் புரியும்படி சொல்லி, அந்தச் சம்மதத்தையும் பதிவு செய்துகொள்ளுங்கள். மருந்து, வேட்டை சம்பந்தமாகச் சொன்னதை நான் ஏற்றுவதில்லை, ஊரிலேயே ஒரு பென் டிரைவில் கொடுத்துவிடுகிறேன். இங்கே பெயர்களை எடுத்துப் போடாததும் அதனால்தான்: மூப்பன் இன்னும் சரி சொல்லவில்லை.

2002 பல்லுயிர்ச் சட்டப்படி பஞ்சாயத்துதோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டும். அதில் உள்ளூர்ப் பெயருக்கும் இடமிருக்கிறது. உங்கள் பஞ்சாயத்தில் கேட்டுப் பாருங்கள்.

பின்சேர்க்கை: "ஒரே பெயரை இரண்டு பறவைக்குச் சொல்கிறார்களே, எது சரி?" என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இரண்டுமே சரி. நாமும் வானத்தில் வட்டமடிப்பதையெல்லாம் பருந்து என்றுதானே சொல்கிறோம்? இரண்டு வரிசையிலும் அதே பெயரைப் போடுங்கள். பிரித்துச் சொல்லச் சொல்லி நச்சரித்தால், உங்களைத் திருப்திப்படுத்தவே ஒரு பெயரைக் கட்டிவிடுவார்கள். எனக்கு அப்படி இரண்டு கிடைத்தன, இரண்டையும் நீக்கிவிட்டேன்.