பச்சோந்தியைக் கையில் எடுப்பதில் செய்யும் தவறுகள்

பச்சோந்தி வீட்டுக்கு வந்த அன்றே அதை உள்ளங்கையில் உட்கார வைத்துப் போட்டோ எடுப்பவர்கள் நிறையப் பேர். அதுவும் ஆடாமல் அசையாமல் இருக்கும். "எவ்வளவு சாது பாருங்க!" என்பார்கள். பயத்தில் விறைத்துப்போன பச்சோந்தியும் அப்படித்தான் இருக்கும். இது கூட்டமாக வாழும் பிராணி இல்லை. தன் இனத்தையே பக்கத்தில் சேர்க்காது, நம் கொஞ்சல் அதற்கு எதற்கு?

நான் சொல்வது வெயில்டு (Veiled) பச்சோந்தியைப் பற்றி. ஏமன், சவூதி அரேபியாவைச் சேர்ந்தது, தலையில் உயரமான கொண்டை இருக்கும். அமெரிக்கா, கனடா, ஐரோப்பாவில் வளர்ப்புக் கடைகளில் அதிகம் கிடைப்பது இதுவும் மடகாஸ்கரின் பேந்தர் பச்சோந்தியும்தான். நம் ஊர் வேலியில் ஊரும் இந்தியப் பச்சோந்தியைப் பிடித்து வளர்க்க நினைக்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

புதிதாக வந்ததை இரண்டு வாரமாவது தொடாமல் விடுங்கள். தண்ணீர் தெளிப்பது, பூச்சி போடுவது, விளக்கு போடுவது, அவ்வளவு போதும்.

அடுத்த தவறு, மேலிருந்து கையை இறக்கிப் பிடிப்பது. மரத்தில் வாழும் பிராணிக்கு மேலிருந்து வருவது இரை தேடும் பறவை. கை அப்படி வந்தால் அது சீறும், கடிக்கவும் செய்யும். அதைவிட மோசம், கிளையிலிருந்து பிய்த்து எடுப்பது. அதன் ஐந்து விரல்களும் இரண்டு கற்றைகளாகச் சேர்ந்து இடுக்கி போலக் கிளையைக் கவ்வியிருக்கும். வாலும் சுற்றியிருக்கும். இழுத்தால் நகம் பிய்ந்துவிடும், கால் பிசகும். சுண்ணாம்புச் சத்தும் புற ஊதாக் கதிர் விளக்கும் சரியாகக் கிடைக்காத பச்சோந்தி என்றால் எலும்பே மெத்தென்று இருக்கும், லேசாக இழுத்தாலே முறியும். பல்லிக்கு மாதிரி இதற்கு வால் திரும்ப முளைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சரி, எப்படித்தான் எடுப்பது? கையை அதன் உடம்புக்குக் கீழே, முன்னால், ஒரு கிளை மாதிரி நீட்டுங்கள். இன்னொரு கையில் அதற்குப் பிடித்த புழுவைக் காட்டுங்கள். ஒரு கண் புழுவைப் பார்க்கும், இன்னொரு கண் உங்களைப் பார்க்கும். பிறகு முன்காலைத் தூக்கி விரலில் வைக்கும், எடுக்கும், முன்னும் பின்னும் ஆடும். அவசரப்படக் கூடாது. ஏறினால் ஏறட்டும், திரும்பிப் போனால் அன்றைக்கு அவ்வளவுதான். புழுவை மட்டும் கொடுத்துவிட்டுக் கூண்டை மூடுங்கள்.

நிறத்தைத் தப்பாகப் படிப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு என்பேன். "பளிச்சென்று கலர் மாறுது" என்று ரசிப்பதற்காகவே சீண்டுகிறவர்கள் உண்டு. பேந்தர் பச்சோந்தியின் தோல் செல்களில் நுண்ணிய படிகங்கள் இருப்பதையும், அவற்றின் இடைவெளி மாறுவதால் நிறம் மாறுவதையும் ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள். அமைதியாக இருக்கும்போது படிகங்கள் நெருங்கியிருக்கும், தோல் பச்சையாகத் தெரியும். போட்டி ஆணைப் பார்த்துக் கிளர்ச்சியடைந்தால் அவை விலகும், மஞ்சளும் சிவப்பும் மேலோங்கும். ஆகவே பளிச்சென்ற நிறத்தைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. உடம்பு கறுத்து, தட்டையாகி, தொண்டை உப்பி, வாய் திறந்தால் உடனே கூண்டில் விடுங்கள். காலையில் கறுத்திருப்பது மட்டும் வேறு, வெயில் காய்ந்து சூடேற்றிக்கொள்ளவும் அது கறுக்கும்.

"கையிலேயே தூங்கிட்டான்" என்று உருகுவது இன்னொன்று. ஆரோக்கியமான பச்சோந்தி பகலில் தூங்காது. பகலில் கண்ணை மூடினால் பயம், அல்லது நோய். கையில் மட்டும் மூடினால் இறக்கிவிடுங்கள், கூண்டிலும் மூடியே இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தோள் வழியாகத் தலை உச்சிக்கு ஏறுவதும் பாசம் கிடையாது, உயரமான இடம் தேடுகிறது, அவ்வளவுதான். டைல்ஸ் தரையில் நின்றுகொண்டு இந்த விளையாட்டு வேண்டாம். ஃபேனை நிறுத்திவிட்டுத் தரையில் உட்காருங்கள், பத்து நிமிடம் தாராளம். தோல் உரிக்கும் நாட்களில் எடுக்காதீர்கள், முட்டை சுமக்கும் பெண்ணையும் எடுக்காதீர்கள். ஆண் இல்லாமலே வெயில்டு பெண் முட்டையிடும் என்பதால் 'தனியாகத்தானே இருக்கு' என்று அசட்டையாக இருந்துவிட வேண்டாம். தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் தொடவே வேண்டாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு அறவே தொடாமல் விடுவதும் சரியில்லை. எடை பார்க்க, கூண்டு கழுவ, மருத்துவரிடம் கொண்டுபோக என்று எடுக்க வேண்டிய நாள் வரும். கைப்பழக்கமே இல்லாத பச்சோந்திக்கு, நோயோடு இருக்கும்போது அது கூடுதல் அதிர்ச்சி. வாரத்தில் சில நாள் கையால் இரை கொடுத்துப் பழக்கினால் போதும்.

சில ஆண்கள் எத்தனை மாதம் பழக்கினாலும் சீறிக்கொண்டுதான் இருக்கும். அப்புறம் அதோடு மல்லுக்கட்டாதீர்கள். ஒரு செம்பருத்தித் தொட்டியைக் கூண்டு வாசலில் ஒட்டி வைத்துக் கதவைத் திறந்துவிட்டால் தானே ஏறிக்கொள்ளும். செடியோடு தூக்கி வைத்துவிட்டுக் கூண்டைக் கழுவலாம்.