கறிக்கோழிக்குக் கருஞ்சீரகம்: என் அனுபவம்

பல்லடம் பக்கத்தில் யாருடைய ஒப்பந்தமும் இல்லாமல் சொந்தமாகக் கறிக்கோழி வளர்க்கிறேன். கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கோழி, கால்நடைகளுக்காக விற்பதைத்தான் 2019இல் மத்திய அரசே தடை செய்துவிட்டது. மற்ற ஆன்டிபயாட்டிக்குகளும் தீவனத்தில் வேண்டாம் என்று நிறுத்தினேன். இரண்டாம் வாரமே எச்சம் இளகியது. கொட்டகைத் தரையில் கூளமாகப் போட்டிருந்த தென்னை நார்க்கழிவு ஈரமேறி, கையில் பிடித்தால் உருண்டையாக நின்றது.

இதைச் சரிசெய்யத்தான் கருஞ்சீரகத்தைப் பொடித்து, கிலோ தீவனத்துக்கு 10 கிராம் வீதம் கலந்தேன். அப்படியே கொட்டினால் ஒரு பக்கமாகத் தங்கிவிடும். முதலில் கொஞ்சம் மக்காச்சோள மாவில் பிசறி, அதை முழுத் தீவனத்தில் சேர்க்க வேண்டும். விதையில் எண்ணெய் அதிகம், பொடி சீக்கிரமே சிக்கு வாடை அடிக்கும். அதனால் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைக்கிறேன். வெந்தயமும் சேர்க்கலாம்தான், ஆனால் கசப்பு ஏறினால் கோழி தீவனத்தைக் குறைத்துக்கொள்கிறது.

கூளம் உலர்ந்தது. முழுப் பெருமையும் விதைக்கு இல்லை: ஒழுகிய நிப்பிள்களை (கோழி கொத்தித் தண்ணீர் குடிக்கும் குழாய் முனைகளை) மாற்றினேன், தினமும் கூளத்தைக் கிளறிவிட்டேன். கருஞ்சீரக விலை கையைக் கடிக்கத்தான் செய்கிறது. எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் மட்டும் பொடியை நம்பி உட்காருவதில்லை. அது குடல் ஒட்டுண்ணியால் வரும் இரத்தக் கழிச்சல் நோயாக இருக்கலாம், உடனே கால்நடை மருத்துவரை அழைத்துவிடுகிறேன்.